விடாப்பிடி எண்ணங்களும் அவற்றிற்குரிய மனோவைத்தியமும்

வண்டலூரினின்று வாலாஜாபாத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, படப்பையைக் கடந்து ஒரகடத்தை அணுகுவார், வைகறைப் பொழுதில் ஆலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைக் காண்பர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சீருடையணிந்த இளைஞரும் மகளிரும் அவற்றினின்று இறங்குவர். இரவெல்லாம் உழைத்தவர் ஏறி மீள்வர். முன்னாளில் ஸ்ரீபெரும்புதூரென்றால் இராமாநுசர் அவதரித்த தலமென்பதே பேச்சாயிருந்தது. 1996-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையிலே ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு அடிகோலப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும் வந்தன. 2024 ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலிலே பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்குதற்குரிய விடுதியே திறக்கப்பட்டது. நம் கல்லூரியிற் கற்று வெளியேறினாருள் சிலரும் இன்று அச்சாலையிலேதான் நாடோறும் போய்வருகின்றனர்.

இவ்வாலைகளின் உயிர்நாடி யாதெனின், சரிபார்த்தலேயாம். போல்ட் ஒன்றை முடுக்குவோன் கையிலுள்ள டார்க் ரெஞ்சு, உரிய அளவு வந்தவுடன் 'கிளிக்'கென்று ஒலிக்கும். அவன் அதன்மீது மைக்கோடொன்று இடுவான். கோடிட்ட பின் அந்தப் போல்ட்டைப்பற்றிய கேள்வி முடிந்தது. வண்டி அடுத்தவனிடம் நகரும். கோடிட்ட பின்னும் கேள்வி முடியாதிருக்கும் மனங்கள் சில உண்டு. அவற்றைப்பற்றியும், அவற்றிற்கு இக்காலத்து மனோதத்துவ நூலார் கண்ட சிகிச்சையைப்பற்றியும் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

ஓரிளைஞரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இவர் உண்மையில் ஒருவரல்லர். யாம் கேட்டறிந்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் கலந்து, எவரையும் குறியாதவாறு ஓருருவாக அமைத்துள்ளோம். இவர் படப்பையில் ஓர் அறையை நண்பரொருவரோடு வாடகைக்குப் பிடித்திருக்கிறார். காலை ஐந்து மணிக்கு ஆலைப் பேருந்து. புறப்படுமுன் காஸ் அடுப்பின் திருகைப் பார்க்கிறார், மூடியிருக்கிறது. படியிறங்குகிறார், 'சரியாகப் பார்த்தோமா?' என்றோர் ஐயம். மீண்டும் ஏறிப் பார்க்கிறார். இவ்வாறு ஏழெட்டு முறை. பேருந்து போய்விடுகிறது. பின்னர் ஓருபாயங் கண்டார்: திருகைக் கைப்பேசியிற் படம் பிடித்துக்கொள்வது. நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள், 'இது இன்றைய படந்தானா, நேற்றையதா?' என்னும் ஐயம் தோன்றியது. அதன்பின், "அண்ணா, அடுப்பை அணைத்தேனல்லவா?" என்று உறங்கும் நண்பரைத் தொலைபேசியில் எழுப்பிக் கேட்கத் தொடங்கினார்.

ஆலையிலோ துன்பம் வேறு வடிவங் கொண்டது. தாம் கோடிட்டனுப்பிய போல்ட் ஒன்று தளர்ந்திருந்து, நெடுஞ்சாலையிலே அவ்வண்டி கவிழ்ந்து, குழந்தையொன்று மாண்டுபோவதாக ஒரு காட்சி மனத்தில் எழும். உடனே வரிசையை விட்டகன்று வண்டியின் பின்னே ஓடுவார். தொடக்கத்தில் மேலதிகாரி இவரது கருத்துடைமையைப் பாராட்டினார். பின்னர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவதாக ஒன்றுண்டு, அதனை இவர் எவரிடமுஞ் சொன்னதில்லை. கையில் ஸ்பானரை எடுக்குந்தோறும், 'பக்கத்திலிருப்பவன் தலையில் இதனால் அடித்துவிடுவேனோ?' என்றோர் எண்ணம் மின்னி மறையும். ஈயெறும்புக்கும் தீங்கு நினையாத இவர், தம்மை ஒரு கொலைகாரனென்றே முடிவு செய்து இரவில் அழுதுகொண்டிருந்தார்.

இந்நோயை ஓ.சி.டி. என்பர்; தமிழில் எண்ணச் சுழற்சி நோயென்று வழங்குகின்றனர். இதற்கு இரண்டு கூறுகள் உள. வேண்டாவென்று தள்ளினும் மீண்டும் மீண்டும் வந்து அச்சத்தையோ அருவருப்பையோ விளைக்கும் எண்ணம் ஒன்று. அதனை விடாப்பிடி எண்ணமென்போம். அதனாலாகிய கலக்கத்தைத் தணிக்கும்பொருட்டுச் செய்யும் செயல் மற்றொன்று; அதனைக் கட்டாயச் செயலென்போம். கழுவுதலும் பூட்டைப் பார்த்தலும் எண்ணுதலும் அச்செயலாகலாம். மனத்திற்குள்ளேயே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளுதலும் அச்செயலேயாம். மேசைமீது புத்தகங்களை ஒழுங்காக அடுக்குவோர், "எனக்கும் ஓ.சி.டி. உண்டு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதை விடுதிகளிற் கேட்கின்றோம். ஒழுங்கில் இன்பங்காண்பது நோயன்று. இந்நோயாளர் தம் செயலில் இன்பங் காண்பதில்லை.

நம் நாட்டில் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஆய்ந்து, வயதுவந்தோருள் நூற்றுக்கு ஒருவர்க்குச் சற்றுக் குறைவான அளவில் இந்நோய் உள்ளதென்று கண்டனர். ஆயிரம் பேர் பணிபுரியும் ஆலையொன்றில் ஏழெட்டுப்பேர் என்று கொள்ளின் பெரும்பிழையாகாது. 1975-இல் சண்டிகர் மருத்துவர்கள் இத்தகைய நோயாளர் 82 பேரை ஆய்ந்து, அவர்தம் எண்ணங்களை ஐயம், ஓயாச் சிந்தனை, அச்சம், உந்துதல், மனக்காட்சி எனப் பாகுபடுத்திக் காட்டினர். அழுக்கும் தீட்டும் பற்றிய எண்ணங்களே அவருள் மிகுதி. நம்மவர் தீட்டைப் பெரிதும் பாராட்டுவோராதலின், பல வீடுகளில் இந்நோய் ஆசாரமென்னும் போர்வையிலே நெடுநாள் மறைந்திருந்து விடுகிறது.

ஆலையிலும் அவ்வாறே, அங்கே போர்வை கருத்துடைமை. இரண்டிற்கும் வேற்றுமை யாது? ஆலையிற் செய்யப்படும் எப்பொருளும் அளவிற்குச் சற்றும் வழுவாதிருப்பதில்லை. வரைபடத்தில் 25 மில்லிமீட்டரென்றிருக்குமாயின், அதன் பக்கத்திலேயே இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று குறித்திருப்பர். அதனைத் தொழிலாளர் டாலரன்ஸ் என்பர். அவ்விடம் கொடாவிடின் ஒரு வண்டியும் ஆலையைவிட்டு வெளியேறாது. நோயுற்ற மனமோ அவ்விடத்தைக் கொடுப்பதில்லை. முற்றிலும் உறுதி வேண்டுமென்கிறது. அவ்வுறுதி இவ்வுலகில் எப்பொருளினும் இல்லை.

இனி, அவ்விளைஞரை அழவைத்த எண்ணத்திற்கு வருவோம். அது கொலைகாரனுக்கு மட்டுமே தோன்றுவதா? இவ்வினாவிற்கு 1978-இல் விடை கண்டவர் இருவர்: ஸ்டான்லி ராக்மன் என்பாரும், இலங்கையிற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய பத்மல் டி சில்வா என்பாரும். மனநோய் யாதுமில்லாத 124 பேரை அவர்கள் வினாவினர். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர், தமக்கும் அத்தகைய தீய எண்ணங்கள் வருவதுண்டென்று ஒப்பினர். பிறரைத் தள்ளிவிடுதல், குழந்தையைத் துன்புறுத்துதல், புனிதமான இடத்தில் இழிசொற் கூறுதல் முதலிய எண்ணங்களே அவை. நோயாளர் எண்ணங்களையும் ஏனையோர் எண்ணங்களையும் கலந்து வைத்தபோது, தேர்ந்த மருத்துவராலும் அவற்றை நன்கு பிரித்தறியக்கூடவில்லை. பின்னர் 2014-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், 13 நாடுகளைச் சேர்ந்த கல்லூரி மாணாக்கர் 777 பேரை வினாவியபோது, நூற்றுக்கு 94 பேர் முந்திய மூன்று மாதங்களுள் இத்தகைய எண்ணமொன்றேனும் தமக்கு வந்ததென்றனர். இதனைப் படிக்கும் மாணாக்கரும் தம்முள் ஒப்புவரென்றே நினைக்கின்றோம்.

எண்ணம் நோயன்றாயின், நோய் எங்கே தோன்றுகிறது? 1985-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் என்னும் ஆங்கில அறிஞர் இதனை விளக்கினார். ஏனையோர் அவ்வெண்ணத்தைக் குப்பையென்று கருதி மேற்செல்ல, இந்நோயாளர் அதற்கோர் உட்பொருள் காண்கின்றனர்: 'இவ்வெண்ணம் வந்தமையால் நான் தீயவன், இத்தீமையைத் தடுக்கும் பொறுப்பு முழுதும் என்னுடையது, தடாவிடின் செய்தவனுக்கு நான் ஒப்பாவேன்.' நினைத்தலும் செய்தலும் ஒன்றென்னும் இம்மயக்கமே எதிர்மறை எண்ணத்திற்கு வலி கொடுக்கிறது. கொடியவனொருவன் கொடிய எண்ணத்தை எண்ணி அஞ்சுவதில்லை, நல்லவனே அஞ்சுகிறான். ஆதலின் இந்நோய் பெரும்பாலும் அவரவர் மிக மதிக்கும் பொருளையே பற்றுகிறது. பிள்ளையிடம் உயிரை வைத்த தாய்க்குப் பிள்ளையைப்பற்றியும், பத்திமானுக்குக் கடவுளைப்பற்றியும், கடமையுடையானுக்கு வேலையைப்பற்றியுமே தீய எண்ணம் எழும்.

'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியன் நம் மாணாக்கர்க்குப் புதியவரல்லர். அவர் 1666-இல் வெளியிட்ட தம் வரலாற்றிலே ஒன்று கூறுகின்றார். இளமையில் அவர்க்கு ஆலய மணியடிப்பதில் விருப்பம் மிகுதி. அது வீண் இன்பமென்று கருதி விட்டபின்னும் வேடிக்கை பார்க்கச் செல்வார். மணி தலைமேல் விழுந்துவிடுமோவென்று அஞ்சி உத்தரத்தின்கீழ் நின்றார். சுவரில் மோதி வந்து தாக்குமோவென்று அஞ்சி வாயிற்படிக்கு வந்தார். கோபுரமே சாய்ந்துவிடுமோவென்று அஞ்சி ஓடிவிட்டார். பிற்காலத்தில், தம் ஆண்டவரையே விற்றுவிடு என்னும் எண்ணம் உண்ணும்போதும் விறகு பிளக்கும்போதும் வந்து நெருக்க, 'விற்கமாட்டேன், விற்கமாட்டேன்' என்று உடல் அசையுமாறு இடைவிடாது மறுத்துக்கொண்டிருந்தார். மூன்றரை நூற்றாண்டிற்கு முற்பட்டார்க்கு இன்ன நோயென்று சீட்டெழுதுவது எம் கருத்தன்று. ஆயினும், அஞ்சி விலகுந்தோறும் அச்சம் பின்தொடர்ந்து வருதலையும், எண்ணத்திற்கு மறுமொழி கூறுந்தோறும் அது மீண்டும் கேட்பதையும் இவர்போலத் தெளிவாக எழுதினார் சிலரே.

எண்ணத்தை அடக்கிவிடலாமே என்பார் உளர். மருந்து குடிக்கும்போது குரங்கை நினையாதே என்று சொல்லிக் கொடுத்த வைத்தியர் கதை நம்மவர் அறிந்ததே. 1987-இல் டேனியல் வெக்னர் என்னும் அமெரிக்க அறிஞர் இதனையே சோதனையாக்கினார். குரங்கிற்குப் பதில் அவர் கொண்டது வெள்ளைக் கரடி. கரடியை ஐந்து நிமிடம் நினையாதிருக்க வேண்டும். நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அன்றியும், முதலில் அடக்கினாரை அதன்பின் தாராளமாக நினைக்கவிட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்கவிடப்பட்டாரினும் மிகுதியாக அவர் கரடியை நினைத்தனர்.

டி சில்வா அவர்கள், பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் விதக்கசந்தான சுத்தத்தில் வேண்டா எண்ணங்களுக்கு ஐந்து வழி கூறப்பட்டிருத்தலையும், அவை இக்கால முறைகள் சிலவற்றை ஒத்திருத்தலையும் எடுத்துக்காட்டியுள்ளார். தச்சன் ஓராப்பால் மற்றோராப்பைப் பெயர்ப்பதுபோல வேறெண்ணத்தை வைத்தல் முதலாவது. எண்ணத்தின் தீங்கை ஆராய்தல் இரண்டாவது. கண்ணைத் திருப்பிக்கொள்வதுபோலப் பொருட்படுத்தாதிருத்தல் மூன்றாவது. ஓடுகிறவன் நடந்து, நின்று, அமர்வதுபோலப் படிப்படியாகத் தணித்தல் நான்காவது. பல்லைக் கடித்து மனத்தால் மனத்தை நெரித்தல் ஐந்தாவது. நெரித்தலைக் கடைசியில் வைத்திருத்தல் நோக்கத்தக்கது. இந்நோயாளரோ அதனையே முதலிற் கைக்கொண்டு நாளெல்லாம் களைக்கின்றனர்.

சிகிச்சையின் வரலாறு 1966-இல் தொடங்குகிறதென்னலாம். அதற்குமுன் இந்நோய் தீராததென்றே பலர் கைவிட்டிருந்தனர். அவ்வாண்டில் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த விக்டர் மேயர் என்பார் நோயாளர் இருவர்க்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டார். அஞ்சும் பொருளை அவரை அணுகச் செய்து, அணுகியபின் வழக்கமாகச் செய்யும் கட்டாயச் செயலைச் செய்யாதவாறு தடுத்தார். கழுவிக்கொண்டேயிருந்தவரின் அறையில் தண்ணீர்க் குழாயை நிறுத்தியும் வைத்தனர். இன்று அவ்வாறு வலிந்து செய்வதில்லை. நோயாளர் தாமே ஒப்பிச் செய்வதே முறை. எதிர்கொண்டு விலக்கல் என்று இதனைத் தமிழிற் கூறலாம்: அச்சத்தை எதிர்கொள்ளல், செயலை விலக்கல். இரண்டும் ஒருங்கே வேண்டும். விரைவிற் கைகழுவிக்கொள்ளும் எண்ணத்தோடு அழுக்கைத் தொடுதல் பயனற்றது.

நம் இளைஞர்க்கு இதனை எவ்வாறு செய்வர்? மருத்துவரும் அவரும் கூடியிருந்து, அஞ்சும் நிலைகளைப் பட்டியலாக்கி, ஒவ்வொன்றிற்கும் சுழியத்திலிருந்து நூறுவரை அச்சத்திற்கு மதிப்பெண் இடுவர். அப்பட்டியலே ஏணி. நண்பர் அறையிலிருக்கும்போது திருகை ஒருமுறை மூடி, ஒருமுறையே நோக்கி, படம் பிடியாமல் தெருமுனைத் தேநீர்க்கடைவரை செல்லுதல் முப்பது. நண்பர் ஊருக்குப் போயிருக்கும்போது அவ்வாறே செல்லுதல் ஐம்பது. கைப்பேசியிலுள்ள பழைய அடுப்புப் படங்களையெல்லாம் அழித்துவிட்டு வேலைக்குப் போதல் அறுபத்தைந்து. ஆலையிலே கோடிட்டபின் திரும்பிப் பாராதிருத்தல் எண்பது. ஆலைவிதி கூறும் சரிபார்த்தலை விடுமாறு எம்மருத்துவரும் சொல்லார் என்பதை ஈண்டு வற்புறுத்துகின்றோம். விதிக்கு மேற்பட்டதையே விலக்குவது. ஏணியின் உச்சியில், தாம் அஞ்சும் விபத்தைக் கதையாக எழுதி, தம் குரலிலேயே பதிந்து நாடோறும் கேட்டல். அது தொண்ணூற்றைந்து.

முதற்படியிலே தேநீர்க்கடையில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கும். 'இப்போதே போய்ப் பார்' என்னும் ஏவல் எழும். அவ்வேவலுக்கு 'அடுப்பு அணைந்துதான் இருக்கிறது' என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளினும் அதுவும் கட்டாயச் செயலேயாகும். 'எரிந்தாலும் எரியலாம், அணைந்திருந்தாலும் இருக்கலாம்' என்று விட்டு நிற்றல் வேண்டும். இஃது எழுதுவதற்கு எளிது. அரைமணி, ஒருமணி கழியப் படபடப்புச் சிறிது சிறிதாக இறங்குவதைப் பலர் காண்கின்றனர். மறுநாள் ஏறும் உயரம் குறையும். முன்னாளில் அச்சம் இறங்குதலே குணமென்று கருதினர். இறங்காவிடினும் தாங்கக்கூடும், அஞ்சியது நிகழவில்லை என்று மனம் புதிதாகக் கற்பதே முதன்மையென்று இக்காலத்தார் பலர் கருதுகின்றனர். பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள்வரை இது நடைபெறும். அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாள்களில் வீட்டிற் செய்யும் பயிற்சியே பெரும்பகுதி.

சரிபார்த்தலால் உறுதி வளருமென்று நினைப்பார்க்கு, 2003-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் வான் டென் ஹௌட், கிண்ட் என்பார் வெளியிட்ட சோதனை விடையளிக்கும். கணினித் திரையிலே காஸ் அடுப்பொன்றைக் காட்டி, ஒரு சாராரை அதனையே பலமுறை மூடிச் சரிபார்க்கச் செய்தனர். மற்றொரு சாராரை விளக்குகளைச் சரிபார்க்கச் செய்தனர். இறுதியில் அடுப்பைப்பற்றி வினாவியபோது இருசாராரும் சரியாகவே விடையிறுத்தனர். ஆனால் அடுப்பையே பலமுறை பார்த்தவர்க்கு நினைவு மங்கலாகவும், அந்நினைவின்மேல் நம்பிக்கை குறைவாகவும் இருந்தன. அவர்களும் நோயற்ற சாமானியரே. ஐயந் தீரப் பார்க்கப் பார்க்க ஐயமே வளர்கிறது. எட்டாம் முறை படியேறிய நம் இளைஞர் முதன்முறையினும் கலங்கியிருந்தது இதனாலேதான்.

மற்றொரு முறை, எண்ணத்திற்கு ஏற்றிய பொருளை ஆராய்வது. விபத்து நிகழுமாயின் தம் பொறுப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டால், நம் இளைஞர் தொண்ணூறு என்பார். மருத்துவர் ஒரு வட்டம் வரைந்து, ஏனையோர் பங்கை முதலிற் பிரிக்கச் சொல்வார்: வரைபடம் வகுத்த பொறியாளர், போல்ட் செய்து தந்த சிற்றாலை, முடுக்கிய விசையைப் பதியும் கருவி, வரிசையின் முடிவில் சோதிப்பவர், விற்பனை நிலையத்தார், உரிய காலத்தில் வண்டியைப் பழுது பார்க்காத உடையவர், குழிநிறைந்த சாலை, ஓட்டுநரின் வேகம். இவையெல்லாம் போக எஞ்சிய இடமே இளைஞருடையது. அது வட்டத்தில் ஒரு கீற்றளவாக நிற்கும். நினைத்தால் நிகழுமென்று அஞ்சுவார்க்கு வேறொரு சோதனை: அறையிலுள்ள மின்விசிறி நின்றுபோகவென்று ஒருவாரம் நாடோறும் மனமார நினைக்கச் சொல்வர். விசிறி சுழன்றுகொண்டேயிருக்கும். எனினும் எச்சரிக்கை ஒன்று: இவ்வட்டத்தையே நாளுக்குப் பத்துமுறை வரைந்து ஆறுதல் தேடுவாராயின், மருந்தே நோயாய்விட்டது. ஆராய்ச்சி ஒருமுறை, பயிற்சி பலமுறை என்பதே எம் துணிபு.

வெளிப்படையான செயல் குறைந்து எண்ணங்களே மிகுந்த நோயாளர்க்கு, பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தார் விழிப்புநிலைப் பயிற்சியை எண்ணச் சீரமைப்போடு இணைத்துச் செய்து, 27 பேரிடத்துக் கண்ட நற்பயனை 2016-இல் வெளியிட்டனர். எண்ணத்தை விரட்டாமலும் அதனோடு வாதாடாமலும், தெருவிற் செல்லும் வண்டியைத் திண்ணையிலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்திருத்தல் இதன் சாரம். ஏற்றல் வழிச் சிகிச்சையென்று வேறொன்றும் இதனையொத்தது, விரிப்பின் பெருகும்.

மருந்தும் உண்டு. ஃப்ளூஆக்சிடின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சமின், குளோமிப்ரமின் முதலியன மருத்துவர் மேற்பார்வையிலே கொடுக்கப்படுகின்றன. பயன் முழுதும் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரமாகலாம். இரண்டு வாரத்திற் பயனில்லையென்று நிறுத்துதல் பெரும்பிழை. 2005-இல் வெளியான அமெரிக்கச் சோதனையொன்றில் 122 பேர் நான்கு பிரிவினராயினர். சிகிச்சை தொடங்கினாருள் நூற்றுக்கு, எதிர்கொண்டு விலக்கலாற் பயனடைந்தார் 62 பேர், குளோமிப்ரமினால் 42, இரண்டும் சேர்த்து 70, வெறுமாத்திரையால் 8. இதனால், மனோவைத்தியம் வெறும் பேச்சன்றென்பது விளங்கும்; எல்லோர்க்கும் குணமாவதில்லையென்பதும் விளங்கும். அச்சத்தை எதிர்கொள்ள மாட்டாமல் இடையில் விட்டுவிடுவாரும் உளர். அவரைக் கோழையென்று பழித்தல் தகாது. ஏணியின் கீழ்ப்படியை இன்னுந் தாழ்வாக வைத்துத் தொடங்கவேண்டுமென்பதே அதன் பொருள்.

வீட்டாரும் அறைத்தோழரும் செய்வதைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். விடுதியில் ஒருத்தி குளியலறையில் ஒருமணி நேரம் கைகழுவுவாளாயின், வரிசையில் நிற்பவர் ஏசுவர். அன்றேல் இரங்கித் தம் தண்ணீரையும் அவளுக்கு விடுவர். இரண்டும் உதவா. உறங்கும் நண்பர் "அணைத்துவிட்டாய், போ" என்று ஒவ்வொரு நாளும் கூறுவதும் அன்பாயினும், நோய்க்கு இடும் உணவேயாம். திடீரென்று ஒருநாள் மறுத்துவிடுதலும் கொடுமை. நோயாளரோடு முன்னரே பேசி உடன்பட்டு, கேள்வி வரும்போது, "இதற்கு நான் விடை சொல்வதில்லையென்று நாம் பேசிக்கொண்டோமல்லவா? உனக்குக் கலக்கமாயிருப்பது தெரிகிறது, வா, பேருந்து நிறுத்தம்வரை உடன் வருகிறேன்" என்னலாம். பெற்றோரோ, கலியாணஞ் செய்துவைத்தால் தெளியுமென்று நம்பிப் பெண் பார்க்கத் தொடங்குகின்றனர். வரும் பெண்ணுக்கு, அடுப்பு அணைந்ததென்று சாட்சி சொல்லும் வேலையே மிஞ்சும்.

சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள அரசினர் மனநல நிலையம் 1794-இல் தோன்றிய மருத்துவமனையின் வழிவந்தது. அதன் பெயரைச் சொல்லி இழித்துப் பேசும் பழக்கம் நம்மவரிடம் இன்னும் போகவில்லை. அங்கும், மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசினர் மருத்துவமனைகளிலும் இந்நோய்க்கு ஆலோசனை பெறலாம். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசாங்கம் நடத்தும் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இரவுப்பணி முடிந்து வருவார்க்கு இது பெரிதும் உதவும்.

முதன்முறை மருத்துவரிடம் செல்வார் அடுப்பையும் பூட்டையும் சொல்லுவர், ஸ்பானரைச் சொல்லார். கடவுளைப்பற்றிய இழிந்த எண்ணத்தையும், காமத்தைப்பற்றிய அருவருப்பான எண்ணத்தையும், குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்னும் அச்சத்தையும் ஆண்டுக்கணக்கில் மறைப்பர். மருத்துவர் காவலரிடம் சொல்லிவிடுவாரென்றும், தம்மைக் கண்டு அஞ்சுவாரென்றும் அவர் நினைக்கின்றனர். இந்நோயைப் பயின்ற மருத்துவர் அத்தகையவற்றைப் பன்முறை கேட்டவரே. வாயாற் சொல்ல நாணுவார், ஒரு தாளில் எழுதி மடித்து, மருத்துவர் மேசைமீது வைத்துவிடலாம். நம் இளைஞர்க்கும் யாம் கூறியது அதுவே. தாளை எழுதியபின், பிழையிருக்கிறதாவென்று திரும்பத் திரும்பப் படிக்கவேண்டாமென்றும் கூறினோம்.